அச்சில் போகாத முடிச்சு

எங்கள் அப்பாவிடம் ஒரு கப்பல் இருந்தது. கப்பல் என்று சொன்னது அவர் மட்டும்தான். உண்மையில் அது வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை. போளூர் பக்கத்தில் கரும்பு போடுவதையே விட்டுவிட்ட ஒரு விவசாயியிடம் அதை வாங்கி, மாட்டு வண்டியில் கவிழ்த்து ஏற்றி, ஆரணியில் எங்கள் தெரு வழியாக ஊர்வலம் மாதிரி கொண்டுவந்தார். மூன்று பேர் கைகோத்தால்தான் அதைச் சுற்றி நிற்க முடியும். விளிம்பு முழங்கால் உயரம். அடியில் ஒரு ஓட்டை இருந்தது. வெல்டிங் கடையில் கொடுத்து அதைப் பற்றவைத்துக்கொண்டார்.

வாசலில் வண்டி நின்றதும் அம்மா வெளியே வந்து பார்த்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"பொண்ணு சீருக்குப் பாத்திரம் வாங்கியாந்தீங்களா? இதுல யாருக்குங்க சமைக்கறது?" என்றாள்.

"ஏரியில வுடப் போறேன்" என்றார் அப்பா.

அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

பட்டு நெய்கிறவர்களுக்கு மழைக்காலம்தான் விடுமுறை. தறிக்குழியில் ஈரம் ஊறி, கால் வைத்தால் சேறு பிசுபிசுக்கும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு காயாது. பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுத்த இடத்தில் அறும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் தறிச் சத்தமே கேட்காது. ஆண்கள் சீட்டாடுவார்கள், டீக்கடையில் உட்கார்ந்து ஆட்சியைக் கலைப்பார்கள். ஏரி நிரம்புவதும் அதே மாதங்களில்தான். இதை அப்பா தனக்காகக் கடவுளே செய்துவைத்த ஏற்பாடு என்று நம்பினார். தூண்டிலை எடுத்துக்கொண்டு காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார்.

பிடித்ததைச் சாப்பிடவும் மாட்டோம் என்பதுதான் வேடிக்கை. தறியில் யாருடைய முகூர்த்தப் புடவையாவது பாதி நெய்து நிற்கும். மீன் வாசனை பட்டில் ஏறிவிட்டால் போகாது. அதனால் மீன் எங்கள் வாசல்படி ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பா பிடித்துக்கொண்டு வருகிற கெண்டையும் ஜிலேபி மீனும் தெருமுனையிலேயே பங்காகிவிடும். அவர் கையை முதலில் புளி போட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அம்மாவிடம் மோந்து பார்க்கக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். இவ்வளவு பேஜாருக்கு நடுவிலும் ஒருவர் மீன் பிடிக்கப் போகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு பைத்தியம் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்திருந்தவர், "தூண்டில்னா போட்டுக்கோங்க, வலை மட்டும் வாணாம்" என்று அனுமதி கொடுத்திருந்தார். அவர் வேறு யாரிடமோ, "அந்த ஆளு கையில வலையே குடுத்தாலும் மீனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொன்னதாக அப்பா காதுக்கு வந்தது. அதிலிருந்து அப்பாவுக்கு ரோஷம். ஒரு பெரிய விராலைப் பிடித்து அவர் கண்ணெதிரே தூக்கிக் காட்ட வேண்டும் என்பது வாழ்க்கை லட்சியமாகிவிட்டது. அப்படி ஒரு விரால் ஏரியில் இருக்கத்தான் செய்தது. ஏரி நிரம்பி வழிகிற கலங்கு ஓரத்தில் கோரைப்புல் மண்டிய இடத்தில் எப்போதாவது வந்து வாலை அடித்துவிட்டுப் போகும். அப்பா அதை "அவன்" என்றுதான் சொல்லுவார். "இன்னிக்கு அவன் வந்தான் பாப்பா. என்னப் பாத்தான். போய்ட்டான்."

தூண்டில் சாமான்கள் எல்லாம் தறியிலிருந்து வந்தவை. நாங்கள் தங்கூஸ் என்று சொல்கிற நைலான் நரம்பை, ஊடு இழை சுற்றுகிற தார்க்குச்சியில் சுற்றி வைத்திருப்பார். மயிலிறகுத் தண்டுதான் தக்கை. துடுப்பு என்பது பழைய தறியிலிருந்து கழற்றிய மிதிபலகை. மூங்கில் கழிக்கு மட்டும் சந்தைக்குப் போனார். எல்லாம் சரிதான். முடிச்சு மட்டும்தான் நிற்கவில்லை.

அப்பா தன் தொழிலில் போடுகிற முடிச்சையே தூண்டில் முள்ளுக்கும் போட்டார். பட்டு இழை அறுந்தால் நாங்கள் போடுகிற முடிச்சு கண்ணுக்கே தெரியாது. இரண்டு விரலில் ஒரு திருப்பு, ஒரு இழுப்பு, முடிந்துவிட்டது. அது பட்டைக் கவ்விக்கொள்ளும். வழவழப்பான தங்கூஸை அது கவ்வாது. மீன் கடித்து இழுத்தால் நரம்பு நழுவி வந்துவிடும், முள் மீனோடு போய்விடும். அப்பா நரம்புக் கடைக்காரரைத் திட்டினார். முள் செய்தவனைத் திட்டினார். முடிச்சைத் திட்டவே இல்லை. அது பரம்பரை முடிச்சு.

நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் முள் கட்டித் தரச் சொன்னார். கட்டினேன், இழுத்தேன், அவிழ்ந்தது. இன்னொரு தரம் கட்டினேன், அவிழ்ந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், இப்போதும் அப்படித்தான். நரம்பை முள்ளின் காதில் கோத்து, வந்த ஆத்திரத்துக்கு அதன் மேலேயே சுற்று சுற்றென்று சுற்றி, நுனியைத் திருப்பி அடி வளையத்தில் திணித்து, எச்சில் தொட்டு ஒரு இழு இழுத்தேன். சுற்றெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக்கொண்டது. முள்ளைக் கதவில் மாட்டி, அப்பாவும் நானும் சேர்ந்து இழுத்தோம். கதவுதான் ஆடியது.

அன்றிலிருந்து முள் கட்டுவது என் வேலை. அப்பா ஏரிக்கரையில் எல்லோரிடமும், "நம்ம முடிச்சு அவுறவே அவுறாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த 'நம்ம'வில் நான் எவ்வளவு, அவர் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் வயதுக்கு வந்த பிறகு கொப்பரையில் ஏறக்கூடாது என்று ஆகிவிட்டது. என் முடிச்சு மட்டும் ஏரிக்குப் போகலாம், நான் கரையில் உட்காரலாம். என்ன நியாயமோ.

பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லா வீட்டிலும் கேசரி, பஜ்ஜி கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் அதற்குமேல் ஒன்று இருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்ததும் அப்பா எழுந்து, "வாங்க தம்பி, ஏரி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்பார். வந்தவர் ஏதோ காற்று வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு புதுச் சட்டையோடு கிளம்புவார். கொஞ்ச நேரத்தில் கொப்பரையில் உட்கார்ந்திருப்பார்.

கொப்பரை நேராகப் போகாது. வட்டமாக இருக்கிற எதுவும் தண்ணீரில் நேராகப் போகாது. இந்தப் பக்கம் துடுப்புப் போட்டால் அந்தப் பக்கம் திரும்பும். சும்மா இருந்தால் தானாகவே சுற்றும். உட்கார்ந்திருப்பவர் அசையக்கூடாது, எழுந்திருக்கவே கூடாது. முதலில் வந்தவர் போளூர் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு ஆபீஸில் கிளார்க். தக்கை உள்ளே போனதும், "மாமா, மீனு, மீனு" என்று எழுந்து நின்றார். வெள்ளை பேண்ட்டோடு அவரைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டாமவர் களம்பூரில் அரிசி மில் கணக்குப் பார்க்கிறவர். எழுந்திருக்கவில்லை. சுற்றிய சுற்றில் சாப்பிட்ட கேசரியை ஏரியிலேயே விட்டுவிட்டார். அன்றைக்கு மீன் நன்றாகக் கடித்தது என்று அப்பா வந்து சொன்னபோது அம்மா கரண்டியைத் தூக்கிப் போட்டாள்.

தரகர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பொண்ணுல ஒரு குறையும் சொல்லலங்க. மொதல்ல அந்தக் கொப்பரைய வித்துடுங்க. அப்புறம் பாக்கலாம்."

எனக்கு அந்த இரண்டு பேர் போனதில் வருத்தம் எதுவும் இல்லை. என் மனதில் வேறு ஒருவர் இருந்தார். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் பாவு பிணைக்கிறவர். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் சேர்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையைச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கி விட்டுக்கொண்டே போவார்கள். சேர்த்த இடம் கொஞ்சம் தடித்தாலும், அச்சு என்று நாங்கள் சொல்கிற சீப்பின் பல்லுக்குள் நுழையாது, சிக்கி அறுந்துவிடும். எங்கள் ஊரில் அவர் பிணைத்த பாவு அச்சில் சிக்கியது என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பது நான்தான். நாள் முழுக்க நான் கொடுப்பேன், அவர் முறுக்குவார். பேச்சே இருக்காது. ஒரு தரம் தலையைத் தூக்காமலே, "உன் கையில இழ சிக்கறதே இல்ல" என்றார். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினேன்.

அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா தரகரிடம் சொன்னாள். தரகர் தானே கண்டுபிடித்த மாதிரி வந்து அப்பாவிடம் சொன்னார்.

"அவனா? நல்ல பையன்தான். கையில சுத்தம் கீது" என்று அப்பா தாடையைச் சொறிந்தார். "ஏரிக்கு வரச் சொல்லுங்க."

இந்த ஒருவரும் ஏரியில் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த ஊருக்கு என்னை அனுப்புவார்களோ. மழை முடிந்ததும் நெய்வதற்காகப் பக்கத்து வீட்டில் அவர் பாவு பிணைக்க வந்த நாளில், இரவல் வாங்குகிற சாக்கில் போய், காதில் விழுகிற மாதிரி சொன்னேன்: "எழுந்து நிக்காதீங்க. சுத்தும்போது தண்ணியப் பாக்காதீங்க, தூரமா எதுனா மரத்தப் பாருங்க. விராலுக்கு இரையா தவளையக் கோக்கறப்ப மூஞ்சியச் சுளிக்காதீங்க." அவர் முறுக்கிக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, இருப்பதிலேயே பெரிய முள்ளை எடுத்து, புது நரம்பில், என் ஆயுசில் கட்டாத அளவுக்குக் கவனமாகக் கட்டி வைத்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன்.

அன்று தூறல் விட்டு வானம் மூடியிருந்தது. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நானும் கரைக்குப் போனேன். கொப்பரை கோரைப்புல் ஓரமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்து, தூரத்தில் ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பரை திரும்பத் திரும்ப அவர் கழுத்தும் பனைமரத்துப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா தவளையைக் கோக்க முள்ளை எடுத்து நீட்டியபோதும் அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. முள்ளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். காற்றில்லாத நாளில் தண்ணீர் மேல் பேசுவது கரையில் தெளிவாகக் கேட்கும்.

"இன்னா மாமா இது, முடிச்சு இம்மாம் பெருசா கீது?"

"பெருசாவா கீது?"

"கல்லாட்டம் கீது மாமா. இது அச்சுல போவாதே."

அப்பா யோசித்தார். அவர் வயதில் பாதியைத் தறியில் கழித்தவர். நடு ஏரியில், கொப்பரையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் அந்த முடிச்சு அச்சில் போகுமா என்று கவலைப்பட்டார்கள்.

"ஆமா, போவாதுதான்" என்றார் அப்பா.

"குடுங்க. நான் போட்டுத் தரேன்."

நான் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினேன். அப்பா அதைப் பார்த்து, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்து, அவரும் கையை ஆட்டினார். அதற்குள் இவர் என் முடிச்சைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டார். நரம்பைக் கோத்தார், இரண்டு விரலில் திருப்பினார், இழுத்தார். அவ்வளவுதான். நகத்தால் நீவிப் பார்த்து அப்பாவிடம் கொடுத்தார்.

"தடவிப் பாருங்க மாமா. முடிச்சு கீறதே தெரியாது."

"பட்டாட்டம் கீதுப்பா" என்று அப்பா மனம் நிறைந்து சொன்னார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். நின்று என்ன செய்வது?

அப்பாவின் 'அவன்', அந்த விரால், அன்றைக்கென்று வந்தான். கோரைப்புல் அசைந்தது, தண்ணீர் ஒரு இடத்தில் வீங்கியது, தக்கை மிதந்த இடத்தில் தக்கை இல்லை. அப்பாவின் கழி வில்லாக வளைந்தது. கொப்பரையையே அவன் இழுத்தான். சுற்றிக்கொண்டே இருந்த கொப்பரை வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகப் போனது. "விட்டுக் குடுங்க மாமா, விட்டுக் குடுங்க" என்று இவர் மிதிபலகையால் தண்ணீரை அடிக்க, "நீ பேசாத, நீ பேசாத" என்று அப்பா கத்த, ஒரு நொடி அவன் முழு உடம்பும் மேலே வந்தது. கரையில் நின்ற ஆடு மேய்க்கிறவர்கூட "அடேங்கப்பா" என்றார். பிறகு கழி நிமிர்ந்தது. அப்பா மல்லாந்து கொப்பரைக்குள் விழுந்த சத்தம் கோயில் மணி மாதிரி ஏரி முழுக்கக் கேட்டது.

நரம்பை இழுத்தார்கள். முள் இல்லை. நுனி மட்டும் பன்றி வால் மாதிரி சுருண்டுகொண்டு வந்தது. அறுந்த நரம்பு சுருளாது, நழுவிய நரம்புதான் சுருளும். அது அப்பாவுக்கும் எனக்கும் தெரியும்.

கரைக்கு வந்த அப்பா என்னைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. தரகர் மறுநாள் வந்தபோது அப்பா நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் முடிச்ச கடிச்சித் துப்பிட்டு அவன் முடிச்சப் போட்டான். ஒரு நிமிஷம் நிக்கல. அவன நம்பிப் பொண்ணக் குடுக்கச் சொல்றியா?"

அந்த 'என் முடிச்சு' என் காதில் விழுந்தது. அப்போது எனக்கு வந்த கோபம் மீனுக்காக இல்லை.

"அச்சுல போவாதுன்னு சொன்னப்ப நீங்களும்தான தலய ஆட்டுனீங்க?"

"நான் மரியாதைக்கு ஆட்டுனேன்."

"சரி. இனிமே உங்க முடிச்ச நீங்களே போட்டுக்குங்க" என்று முள் டப்பாவை அவர் எதிரே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அதன்பிறகு வீட்டில் நடந்தது மௌனப் போர். அப்பா தினமும் ஏரிக்குப் போனார், தினமும் வெறும் கையோடு வந்தார். "மழத் தண்ணி கலங்கலா கீது, மீனுக்குக் கண்ணு தெரியல" என்பார். டப்பாவில் முள் குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் தினமும் அவர் கையை மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு சோப்பு மிச்சம்" என்று மட்டும் சொல்வாள்.

தெருவில் இவர் பாடு அதைவிட மோசம். பாவு பிணைக்கிறவரின் முடிச்சு அவிழ்ந்தது என்றால் சும்மா விடுவார்களா? அவர் பிணைத்து முடித்ததும் வீட்டுக்காரர்கள் பாவைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில், "மீனு புட்ச்சிகினு வந்தியா?" என்று கேட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு எனக்கு அழுகை வந்தது. சேத்துப்பட்டிலிருந்து வேறு ஒரு ஜாதகம் வந்திருப்பதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போனதும் அந்த வாரம்தான். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டேன். பசித்தது.

ஒரு நாள் காலையில் மழை சோ என்று பெய்துகொண்டிருக்கும்போது இவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நனைந்த சட்டைப் பையில் ஒரு தங்கூஸ் சுருள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. நைலான் அறுத்த காயம்.

"மாமா, எந்த முடிச்சு போட்டாலும் வழுக்குது. சாம்பலு தொட்டுப் பாத்தேன், கஞ்சி தொட்டுப் பாத்தேன். நிக்கல. உங்க முடிச்சக் கொஞ்சம் காட்டுங்க."

பெண் கேட்டு வந்திருந்தால் அப்பா கதவைச் சாத்தியிருப்பார். 'உங்க முடிச்சு' என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுத் தறிப் பலகையில் உட்கார வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நானும் அம்மாவும் சமையலறை வாசலில் வந்து நின்றோம்.

அப்பா நரம்பைக் கோத்தார். நான் செய்வதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார், அந்த தைரியம்தான். ஏதோ சுற்றினார், எங்கேயோ திணித்தார், பெருமையாக இழுத்தார். முள் தனியாக வந்தது.

"நரம்பு பழசுப்பா."

"நேத்துதான் வாங்கனது மாமா."

இரண்டாம் தரம் கட்டினார். வந்துவிட்டது. "வெளிச்சம் பத்தல" என்றார். அம்மா தறிமேல் தொங்குகிற பல்பைப் போட்டாள். மூன்றாம் தரம் நரம்பு அவர் கட்டை விரலைச் சேர்த்துக் கட்டிவிட்டது. இவர் ரொம்ப மரியாதையாக, சிரிக்காமல், அதை அவிழ்த்து விட்டார். அம்மாவால்தான் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா முள்ளைப் பலகையில் வைத்தார்.

"பாப்பா, இங்க கொஞ்சம் வா."

நான் போனேன். உட்காரவில்லை. "யாரு முடிச்சுன்னு மொதல்ல சொல்லுங்க."

அப்பா சுவரைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். தப்பிக்கிற வழி எதுவும் தெரியவில்லை. "உன்னுதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு உட்கார்ந்தேன். நரம்பைக் கோத்து, சுற்றி, திணித்து, எச்சில் தொட்டு இழுத்தேன். இவர் முள்ளைத் தறிக் கம்பத்தில் மாட்டி, காயம்பட்ட கையில் நரம்பைச் சுற்றிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இழுத்தார். தறிதான் முனகியது. பிறகு முடிச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகத்தால் நீவினார்.

"பெருசாதான் கீது. ஆனா நிக்குது."

"ஏரியில இன்னா அச்சா மாட்டி வெச்சிகீறாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். அத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"உன் வூடு பின்னாடித் தெருதான?" என்று அவரைக் கேட்டார். தெரியாதது மாதிரி.

"ஆமா மாமா."

"மழையில நடந்து வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"இங்கதான மாமா. கொடைகூட வாணாம்."

"ம்" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, மறுபடியும் கழற்றினார். "தரகர நாளைக்கு வரச் சொல்லு."

இவர் படியிறங்கி, வழியெல்லாம் குட்டையை மிதித்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்தாள். "இன்னாங்க திடீர்னு? ஜாதகம் வந்துகீது, பாக்கணும்னீங்க?"

"சேத்துப்பட்டுல குடுத்துட்டா எனக்கு முள்ளு கட்ட யாரு வருவா? பஸ்சு புடிச்சா வருவா?" என்றார் அப்பா.

எனக்குச் சந்தோஷம்தான். அதற்கு நடுவிலும் கோபம் வந்துவிட்டது. சேத்துப்பட்டு கிளார்க், களம்பூர் கணக்குக்காரர், நான் சாப்பிடாமல் இருந்த இரண்டு வேளை எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. "அப்ப என்ன நீங்க கட்டிக் குடுக்கறது ஒரு தூண்டி முள்ளுக்காகத்தானா?" என்று கேட்டேன்.

அப்பா மூங்கில் கழியை எடுத்தார். தார்க்குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கட்டின முள்ளைத் தறிக் கம்பத்திலிருந்து பத்திரமாக எடுத்தார்.

"முள்ளு மட்டும் வேணும்னா பஸ் ஸ்டாண்டுகிட்ட கடையில கட்டுன முள்ளே விக்கிறான் பாப்பா. அட்டை அட்டையா மாட்டி வெச்சிகீறான்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.